நூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி

நூற்றுப் பன்னிரண்டாம் கேள்விக்கு விடை 'சி'. படித்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் வண்டி நம்பரைக் கேட்டால் ஒரு நொடி திணறுவேன், இதற்குத் திணற மாட்டேன். இத்தனைக்கும் அந்த 'சி' தப்பான விடை. ஒரு தப்பை இவ்வளவு சுத்தமாக மனப்பாடம் செய்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு.

எங்கள் அலுவலகக் கேண்டீனில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மாதம் ஒருமுறையாவது இந்தச் சண்டையைப் போடுவார்கள். சான்றிதழ்த் தேர்வுக்கு முன்னால் பிராக்டிஸ் டெஸ்ட் போட்டுப் பார்ப்பது படிப்பா, காப்பியா? அது வெறும் மாதிரி வினாத்தாள்தானே என்று ஒரு கட்சி. தேர்வில் வருகிற கேள்வியே அச்சு அசலாக அதில் இருந்தால் அதற்குப் பெயர் மாதிரியா என்று இன்னொரு கட்சி. கடைசியில் என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்பார்கள். என் மேசைக்குப் பின்னால் நான்கு சான்றிதழ்கள் தொங்குகின்றன, அந்த மரியாதை. மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். மீட்டிங் எதுவும் இருக்காது. பதில் சொல்வதென்றால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற கதை இல்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் விருதுநகரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் முடித்துவிட்டு ஆமத்தூரில் வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துபோனார். அம்மா பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்த்தாள். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளியாக மின்னும். அலுமினியப் பொடி. சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால் தெருவே வெளியே வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். நான் பார்க்க மாட்டேன். வேன் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். விபத்து என்று ஒன்று வந்தால் மருந்து ரூம்தான் முதலில் போகும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே எனக்கு இருந்த லட்சியம் ஒன்றே ஒன்று. அவளை அந்த ரூமிலிருந்து வெளியே கொண்டுவருவது. நெட்வொர்க் சான்றிதழ் ஒன்று இருந்தால் சென்னையில் வேலை நிச்சயம் என்று கல்லூரியில் எனக்கு முன்னால் படித்த அக்கா சொல்லியிருந்தாள். தேர்வில் தேறினால் வேலை, வேலை கிடைத்தால் அம்மா வீட்டில். கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தது.

விருதுநகரில் நான் சேர்ந்த கம்ப்யூட்டர் சென்டர் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மூட்டையைப் பிரித்தார்கள் என்றால் மேலே பன்னிரண்டு பேரும் சேர்ந்து தும்முவோம். மண்டிக்காரர் மகன்தான் எங்கள் சார். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவர் அத்தா மாடியைக் கொடுத்து, அங்கேயே கிட என்று விட்டுவிட்டார். தங்கமான மனுஷன். பாடம் நன்றாகத்தான் நடத்துவார். ஆனால் கடைசி மாதம் பாடத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு கட்டு கொடுப்பார்.

அந்தக் கட்டில் முந்நூறு கேள்விகளும் விடைகளும் இருந்தன. எல்லாம் உண்மையான தேர்வில் வந்தவை. மதுரையில் தேர்வெழுதிவிட்டு வெளியே வருகிறவர்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து கேள்வியை ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அது சென்டரின் வழக்கம். முதல் ஐந்து ஒருவருக்கு, அடுத்த ஐந்து இன்னொருவருக்கு என்று போகும்போதே சார் பிரித்துக் கொடுத்துவிடுவார். ஊர் ஊராக இப்படிச் சேர்ந்ததற்கு உலகம் முழுக்க டம்ப் என்று பெயர். எங்கள் சார் மட்டும் அதை பிராக்டிஸ் டெஸ்ட் என்பார். ஜெராக்ஸ் எடுத்து, சிவகாசி அச்சகத்தில் கழித்துப் போட்ட லேபிள் தாளை அட்டையாகப் போட்டிருந்தார். என் கட்டின் அட்டையில் ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பாடப் புத்தகத்தோடு வந்த சிடியிலும் பிராக்டிஸ் டெஸ்ட் இருந்தது. அது யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த கேள்விகள். தப்பாகப் போட்டால் ஏன் தப்பு என்று அரைப் பக்கம் விளக்கும். அதில் எனக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. சாருடைய கட்டில் முதல் வாரமே தொண்ணூறு. எதை வைத்துக்கொள்வேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"சார், இது காப்பியடிக்கிறது இல்லையா?"

அவர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "கீழ பாரும்மா. வத்தல் வாங்க வர்றவரு மூட்டையில கைய விட்டு ஒரு பிடி எடுத்துப் பாக்காரா இல்லையா? சாம்பிள் பாக்காம யாரு வாங்குவாக?"

"ஒரு பிடி எடுத்தா சாம்பிளு. நம்ம மூட்டையையே தூக்கிட்டு வந்துட்டமே சார்."

அவர் சிரித்தார், நான் சிரித்தேன், கீழே மூட்டை பிரித்தார்கள், எல்லோரும் தும்மினோம். என் மனசாட்சி அத்தோடு அடங்கியது.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் நான் அதற்கு முன்பு பெரிய யோக்கியக்காரியாக இருந்தேன். வீட்டில் அம்மாவைத் திட்டிக்கொண்டே இருப்பேன், இன்ஸ்பெக்ஷன் பதில்களுக்காக.

கம்பெனிக்கு அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றால் இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சொல்லாம கொள்ளாம வந்தா அது என்ன மரியாத?" என்றாள் அம்மா. செய்தி வந்ததும் போர்மேன் பெண்களை வரிசையாக நிறுத்திப் பாடம் கேட்பார். அம்மா அதை வீட்டில் நடித்தே காட்டுவாள். போர்மேன் குரலும் அவளே, பெண்கள் குரலும் அவளே.

"ரூமுல எத்தன பேரு?"

"நாலு பேருய்யா."

"ஏன் நாலு?"

"கூட இருந்தா ஆபத்துக்கு ஓட முடியாதுய்யா."

"காலுல ஏன் செருப்பு இல்ல?"

"உரசுனா பொறி வருமுய்யா."

அம்மாவுக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். அதனால் அதிகாரி வரும்போது அவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். கம்பெனியில் அது ஒரு பதவி. சுவரிலும் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குக் கீழே சீசனில் ஏழு பேர் உட்கார்ந்து மருந்து அடைப்பார்கள். அதிகாரி வருகிற அன்று மட்டும் மூன்று பேர் தூக்குவாளியோடு வேலிக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

"ஏழு பேரு இருந்துக்கிட்டு நாலுன்னு சொல்லுறயே, பொய்யில்லையாம்மா?" என்று கத்துவேன்.

"பொய் இல்லட்டி. பதிலு" என்பாள் அவள்.

அப்படிக் கத்திய நான்தான், மத்தாப்புக் குழந்தை சிரிக்கிற கட்டோடு ஒரு நாள் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். மனப்பாடம் சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். அம்மா நாலாவது வரைக்கும் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஒவ்வொரு கேள்வியின் தொடக்கத்தையும் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, பக்கத்தில் விடையின் எழுத்தையும் போட்டுக் கொடுத்தேன்.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க கம்பெனிச் சரக்கால்ல இருக்கு?" என்றாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். "விச் ஆப் த பாலோயிங். அடுத்து, விச் ஆப் த பாலோயிங். என்னட்டி, ஒரே கேள்வியத்தான் மாத்தி மாத்திக் கேப்பாகளா?"

நம்பரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள், நான் எழுத்தைச் சொன்னேன். ஏ. டி. பி. நன்றாகப் போனது. ஆறாவது கேள்வியில் நிறுத்திவிட்டாள்.

"ஏன்?" என்றாள்.

"என்ன ஏன்?"

"பி-ன்னு சொன்னயே, ஏன் பி? எங்க போர்மேனு ஏன்-னுக்கும் சேத்துத்தான் சொல்லிக் குடுப்பாரு. அந்த ஆபீசரு திடீர்னு ஏன்-னு கேட்டுட்டா முழிக்கக் கூடாதுல்ல."

"இதுல ஏன்-னு கேக்க மாட்டாகம்மா. எழுத்த அமுக்குனாப் போதும்."

அவளுக்கு என் சாரின் மேல் இருந்த மதிப்பு அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. "அரைவாசிதான் குடுத்திருக்காரு ஒங்க சாரு. போயி மிச்சத்தையும் கேட்டு வாங்கிட்டு வா."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் விடவில்லை. கம்பெனிப் பழக்கம். ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு ஏன் இருந்தே ஆக வேண்டும் என்பது அவள் நினைப்பு. நான் முழித்தால் பக்கத்தைத் திருப்ப மாட்டாள். வேறு வழியில்லாமல் கனமான அந்தப் பாடப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். சில கேள்விகளுக்கு ஏன் கிடைத்தது. பலவற்றுக்கு நானே ஏதாவது கதை கட்டிச் சொன்னேன், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

நூற்றுப் பன்னிரண்டு வந்தது. முப்பத்திரண்டு முகவரிகள் உள்ள ஒரு சின்ன நெட்வொர்க்கில் எத்தனை கம்ப்யூட்டர்களை வைக்கலாம் என்பது கேள்வி. 'சி' என்றால் முப்பத்திரண்டு. இதற்கு என்ன ஏன் வேண்டியிருக்கிறது, முப்பத்திரண்டு இடம் இருந்தால் முப்பத்திரண்டு பேர் என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா புத்தகத்தைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. விடை முப்பது. கட்டில் இருந்தது தப்பு. விருதுநகர் முழுக்க அந்தத் தப்பைப் படித்துக்கொண்டிருந்தது.

"முப்பதும்மா. ரெண்டு இடத்துல யாரையும் வைக்கக் கூடாதாம்."

"ஏன்?"

"நெட்வொர்க்குன்னா ஒரு தெருன்னு வச்சுக்கோ. ஒண்ணு அந்தத் தெருவோட பேருக்குன்னு விட்டுரணும். இன்னொண்ணு தெருவுக்கே சேத்துத் தண்டோராப் போடுறதுக்கு."

அம்மா நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எடம் இருந்தும் ஆள வைக்க மாட்டாகளா? ஆர்டர் சாஸ்தியா வந்தாலும்?"

"வைக்க முடியாது. வச்சா வேலையே செய்யாது."

"அங்கன அப்படியா?" என்று வெள்ளிக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "எங்க ரூமுல ஏழு பேர வச்சாலும் வேல நடக்குதே."

எத்தனையோ தடவை நான் கத்திச் சொன்னதை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நூற்றுப் பதின்மூன்றை வாசிக்க ஆரம்பித்தாள். அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் பொங்கி வந்த பிரியத்தையும் பயத்தையும் நான் காட்டிக்கொள்ளவில்லை. 'சி'யை அடித்து 'பி' என்று எழுதினேன். மறுநாள் சாரிடமும் சொல்லி மாஸ்டர் காப்பியில் திருத்த வைத்தேன். காப்பியடிக்கிறவர்கள் சரியாகக் காப்பியடிக்கட்டும் என்ற பொறுப்புணர்ச்சி.

தேர்வு மதுரையில். ஏசி ரூம், கண்ணாடித் தடுப்பு, தும்மல் இல்லாத காற்று. திரையில் முதலில் வந்தது ஓர் உறுதிமொழி. இங்கே பார்க்கிற கேள்விகளை யாரிடமும் சொல்ல மாட்டேன், இதற்கு முன் பார்த்ததும் இல்லை என்கிற மாதிரி நீளமாக இருந்தது. சம்மதம் என்ற இடத்தில் அமுக்கினேன். அதற்கு மட்டும் கட்டில் விடை இல்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பழகிய முகங்களாக வரிசையில் வந்தன. பத்தில் எட்டு எங்கள் கட்டில் இருந்தவை. முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் கை தானாகப் போனது. இப்படியே போனால் பாதி நேரத்தில் முடிந்துவிடும், சந்தேகம் வரும் என்று பயந்து நடுநடுவே கன்னத்தில் கை வைத்து யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். தெரிந்த பதிலுக்கு யோசிப்பதுபோல் நடிப்பது தெரியாத பதிலைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். அம்மா அதிகாரி முன்னால் எப்படி நிற்பாள் என்று அன்றுதான் புரிந்தது.

நூற்றுப் பன்னிரண்டும் வந்தது. முப்பதும் இருந்தது, முப்பத்திரண்டும் இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, நான் அப்போதும் தயங்கினேன். கட்டில் இருந்த எல்லாமே இதுவரை சரியாக வந்திருக்கிறது, தேர்வுக்காரர்களே முப்பத்திரண்டைத்தான் விடையாக வைத்திருந்தால்? புத்தகத்தைவிடக் கட்டை நம்புகிற அளவுக்கு நான் ஆகியிருந்தேன். அப்போது சிவப்பு எழுத்தும் அதன் கீழே ஏழு பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். முப்பதை அமுக்கினேன். அந்த முழுத் தேர்வில் நான் யோசித்து எழுதியது என்று சத்தியம் செய்யக்கூடிய விடை அது ஒன்றுதான்.

தேறிவிட்டேன். நல்ல மதிப்பெண். வெளியே டீக்கடை காயின் போனிலிருந்து சாருக்குச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அடுத்த மூச்சில், "ஒங்களுக்குக் கடைசி அஞ்சு கேள்வி, எழுதிட்டீகளா?" என்றார்.

எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. முந்நூறும் ஞாபகம் இருந்தவளுக்கு ஐந்தா மறக்கும்? ஆனால் வாயில் வந்தது வேறு.

"மறந்துபோச்சு சார்."

"பரவால்லம்மா, பாஸாயிட்டீகல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனபோது வீட்டுக்கென்று ஒரு கிலோ நல்ல வத்தல் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மூட்டை முழுவதையும் வாங்கிக்கொண்டு ஒரு பிடிகூடத் திருப்பிக் கொடுக்காமல் வந்தவள், அதற்கு நேர்மை என்று வேறு பெயர் வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒனக்கா மறதி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

இரண்டு வாரத்தில் சென்னையிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்தாள். சீசன் முடியட்டும், தீபாவளிக்கு முன்னால் வேலையை விட்டால் போர்மேன் வருத்தப்படுவார் என்றாள். நான் எவ்வளவு சண்டை போட்டும் கேட்கவில்லை. அந்த வாரமே இன்ஸ்பெக்ஷன் செய்தி வந்தது. வழக்கம்போல மூன்று பேர் புளியமரத்தடிக்குப் போனார்கள், வழக்கம்போல அம்மாவை முன்னால் நிறுத்தினார்கள்.

அன்று நடந்ததை அவள் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள். அதிகாரி கேட்டாராம், "தினமும் இந்த ரூமுல எத்தன பேரும்மா?"

"ஏழு பேருய்யா."

போர்மேன் இருமினாராம். அதிகாரியோ பேனாவை வைத்துக்கொண்டு தலையைத் தூக்காமலே, "நாலுதானேம்மா?" என்றாராம். அவர் கேட்பதற்கு முன்பே தாளில் நான்கு என்று எழுதியிருந்தார். கட்டு அவரிடமும் இருந்திருக்கிறது.

"ஏழுய்யா. மிச்ச மூணு பேரு அந்தா, புளியமரத்தடியில இருக்காக" என்று அம்மா கையை நீட்டியிருக்கிறாள். தங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அந்த மூன்று பேரும் எழுந்து நின்று அதிகாரிக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"மறந்துபோச்சுட்டி" என்றாள்.

மறுநாள் வேன் எங்கள் தெருவில் நிற்கவில்லை. அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது, இனி மருந்து ரூமுக்கு ஆகாது என்று போர்மேன் சொல்லியனுப்பினார். நான் ஆசைப்பட்டது நடந்தேவிட்டது. என் சான்றிதழ் செய்யாததை அவளுடைய தப்பான விடை செய்துவிட்டது. அந்த ரூமில் ஒரு மாதம், அம்மா இடத்துக்கு வந்த புது ஆளோடு சேர்த்து, நாலு பேர்தான் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஆர்டர் வந்து குவிந்தது.

அந்த ஒரு மாதத்துக்குள் ஒரு சாயங்காலம் புளியமரத்தடி ஆட்கள் மூன்று பேரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நாலு பேர் கணக்கில் அவர்களுக்கு வேலை போய்விட்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவர்களில் மூத்தவள்தான் பேசினாள். அம்மாவை மதினி என்று கூப்பிடுகிறவள், விசேஷத்துக்கெல்லாம் எங்கள் வீட்டில் சமைத்தவள்.

"ஒம் மக பாஸாயிட்டா மதினி. நீ உண்மையப் பேசலாம். எங்க வீட்டுல யாரு பாஸாயிருக்கா, சொல்லு?"

கையில் சான்றிதழோடு நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அன்று காலைத் தபாலில்தான் வந்திருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். கையில் வெள்ளி முழுவதும் போய்விட்டிருந்தது, நகக்கண்ணில்கூட இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நூத்திப் பன்னெண்டு" என்றாள்.

"முப்பது."

"ஏன்?"

"ரெண்டு எடத்த விட்டு வைக்கணும்மா."

"ரெண்டு எடந்தான?" என்றாள் அம்மா. "நான் மூணு ஆள வெளிய விட்டுட்டனேட்டி."